கிழிந்தது துணி, எறிவது மரம்

அடுக்குமாடிக் குடியிருப்புகளின் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் இப்போதெல்லாம் அடிக்கடி ஒரு சோபா நிற்கிறது. மூன்று பேர் உட்காரும் சோபா. உட்காரும் இடமும் கைப்பிடியும் செதில் செதிலாக உரிந்து, உள்ளே வெள்ளைத் துணி தெரியும். வாங்கி நான்கைந்து வருடத்துக்கு மேல் ஆகியிருக்காது. மாதத் தவணை முடிந்தே கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். குப்பை வண்டிக்காரர்கள் அதைத் தூக்க முடியாமல் விட்டுவிட்டுப் போவார்கள். இரண்டு மழை பெய்ததும் ஊறிப்போகும். பிறகு யாராவது வந்து கிழித்து, உள்ளே இருக்கும் இரும்பை மட்டும் உருவிக்கொண்டு போவார்கள். மிச்சம் அங்கேயே கிடக்கும்.

அது உரிந்ததற்கு அந்த வீட்டுக் குழந்தைகள் ஏறிக் குதித்தது காரணம் இல்லை. கடையில் ‘லெதர்’ என்று சொல்லி விற்பதில் பெரும்பகுதி தோலே கிடையாது. துணியின் மேல் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்கை மெல்லிய படலமாகப் பூசி, தோலைப் போல வரி போட்டிருப்பார்கள். காற்றின் ஈரமும் நம் வியர்வையும் அந்தப் படலத்தின் வேதிப் பிணைப்பை மெல்ல மெல்ல அறுத்துவிடும். நீராற்பகுப்பு என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதேதான். யாரும் உட்காராமல் போர்த்தி வைத்திருந்தாலும் உரியும். புழுக்கமான கடலோர ஊர்களில் இன்னும் சீக்கிரம் உரியும். ஆக, போனது மேலே இருந்த பூச்சு. அதற்காக முழு சோபாவையும் தெருவுக்குக் கொண்டுவருகிறோம். அதைப் பிரித்துவிட்டு வேறு துணி போடலாமே என்ற நினைப்பே நம் வீடுகளிலிருந்து போய்விட்டது. எனக்கு அதுதான் பெரிய வருத்தம்.

நான் குஷன்காரர் மகள். அப்பா கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் சீட் தைக்கக் கற்றுக்கொண்டு, பிறகு திருச்சி பாலக்கரையில் சொந்தமாகக் குஷன் கடை போட்டவர். மொபெட் சீட்டிலிருந்து டாக்டர் வீட்டு சோபா வரை எல்லாம் அந்தக் கடைக்கு வரும். நான் படித்து பேங்க் வேலைக்குப் போனேன். அப்பாவுக்குப் பிறகு, அவரிடம் சின்ன வயதில் வேலைக்குச் சேர்ந்த அண்ணன் கடையை எடுத்து நடத்துகிறார். இன்றைக்கும் நான் அவருக்குப் ‘பாப்பா’தான். ஓய்வுபெற்ற பிறகு, பழைய மர நாற்காலி, சோபா எங்கே கிடைத்தாலும் வாங்கி, அவரிடம் கொடுத்துச் சரிசெய்து, வேண்டியவர்கள் வீட்டுக்கு வந்த விலைக்கே கொடுப்பது என் வேலையாகிவிட்டது. அந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன்.

போன ஆடியில் காந்தி மார்க்கெட் பக்கம் ஒரு பழைய சாமான் கடையில் ஒரு சோபா கிடைத்தது. பச்சை ரெக்சின், நடுவில் கிழிந்து, தேங்காய் நார் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கடைக்காரர் அதை எடைக்குப் போடுவதா, விறகுக்குப் போடுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தார். அதன் ஒரு கைப்பிடியைத் தூக்கிப் பார்த்தேன், அசைக்க முடியவில்லை. தேக்கு என்று அந்தக் கனமே சொல்லிவிட்டது.

அண்ணன் அதைக் கவிழ்த்துப் போட்டு அடியிலிருந்துதான் பிரிக்க ஆரம்பித்தார். மேலிருந்து பிரிக்கிறவன் வேலை தெரியாதவன் என்பது அப்பா காலத்துப் பாடம். கடைசியாக அடித்த ஆணியை முதலில் எடுக்க வேண்டும். பச்சை ரெக்சினுக்குக் கீழே பூப்போட்ட பருத்தித் துணி ஒன்று இருந்தது. அதாவது, இந்த சோபாவுக்கு ஏற்கெனவே ஒருமுறை துணி மாற்றியிருக்கிறார்கள். அதற்குக் கீழே காடாத்துணி. பிறகு பஞ்சு, கட்டிபிடித்துப் போயிருந்தது. பிறகு நார், அதைத் தாங்குகிற சாக்கு, சாக்குக்குக் கீழே ஸ்பிரிங். ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் சணல் கயிற்றால் அக்கம்பக்கத்து ஸ்பிரிங்குகளோடும் சட்டத்தோடும் எட்டுத் திசையிலும் இழுத்துக் கட்டியிருந்தார்கள். கயிறு இற்றுப்போயிருந்தது, ஆனால் முடிச்சு ஒன்றுகூட நழுவவில்லை.

“பாப்பா, இதைக் கட்டுனவரு பெரிய வேலைக்காரரு. ஸ்பிரிங் அப்படியே இருக்கு பாரு. கயித்தையும் நாடாவையும் மாத்துனா இன்னொரு முப்பது வருஷம் ஓடும்” என்றார் அண்ணன். அவர் சாதாரணமாக யாரையும் பாராட்டுகிறவர் இல்லை.

சட்டத்தைத் தனியாக எடுத்துவைத்துப் பார்த்தால், மூட்டுகள் எல்லாம் கழுந்து இறக்கிச் செய்தவை. ஓர் இரும்பு ஆணி கிடையாது. மேலே அடித்திருந்த மஞ்சள் வார்னிஷைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததும் மரத்தின் ரேகை எழுந்து வந்தது. அவலரக்கை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, துணிப்பொட்டலத்தில் தொட்டுத் தொட்டு, காய விட்டு, மறுபடி தேய்த்து, மறுபடி தொட்டு என்று பாலிஷ் ஏற்றினார்கள். இன்றைக்கு அது ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர் வீட்டுத் திண்ணையில் இருக்கிறது.

இந்த மரம் இனிமேல் வராது என்பதை நாம் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பர்மா தேக்கு என்று நம் தாத்தாக்கள் சாதாரணமாகச் சொன்னார்களே, அந்த பர்மா, 2014 ஏப்ரலிலிருந்து உருட்டு மரத்தை வெளிநாட்டுக்கு அனுப்புவதைத் தடை செய்துவிட்டது. இப்போது மரக்கடைகளில் கிடைக்கும் தேக்கில் நிறைய, தோப்பில் வளர்த்து இளமையிலேயே வெட்டியது. இளம் மரத்தில் வெள்ளைப் பகுதி அதிகம், வைரம் பாய்ந்த பகுதி குறைவு. வண்டு முதலில் இறங்குவதும் அந்த வெள்ளையில்தான். காட்டில் நின்று நிதானமாக வளர்ந்து வைரம் ஏறிய மரம், இன்றைக்குப் பழைய கதவிலும் பழைய கட்டிலிலும் பழைய நாற்காலியிலும்தான் மிச்சம் இருக்கிறது. செட்டிநாட்டு வீடுகளின் சாமான்களுக்காவது காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன, தேடி வந்து வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு தாசில்தார் வீட்டிலோ தபால்காரர் வீட்டிலோ இருந்த சாதாரணத் தேக்கு நாற்காலிக்கு அப்படி ஆதரவு கிடையாது. அது நேராக அடுப்புக்குப் போகிறது.

எல்லாப் பழைய சாமானையும் சரிசெய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை ஜாபர்கான்பேட்டையில் என் தங்கை வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. வடிந்த பிறகு போய்ப் பார்த்தேன். மரத்தூளைப் பசை போட்டு அழுத்திச் செய்யும் பார்ட்டிகிள் போர்டு அலமாரி ஊதிப் பிளந்து, தொட்டால் புட்டு மாதிரி உதிர்ந்தது. அதே போர்டில் அடித்தளம் போட்ட சோபாவும் அப்படியே. அவற்றை யாரும் காப்பாற்ற முடியாது. ஆனால் மாமனார் காலத்துத் தேக்கு நாற்காலிகளைக் கழுவி, நிழலில் காயவைத்து, பின்னலை மட்டும் மாற்றினோம். இன்றும் அவற்றில்தான் சாப்பிட உட்காருகிறார்கள். எனவே வாங்கும்போதே பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

பழைய சோபாவோ நாற்காலியோ வாங்கப் போகிறவர்கள் துணியைப் பார்க்கவே வேண்டாம். கவிழ்த்துப் பாருங்கள். அடித்துணி தைத்திருந்தால் ஒரு மூலையைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். நல்ல பொருள் வைத்திருக்கிற கடைக்காரர் மறுக்க மாட்டார். உள்ளே பலகை என்ன மரம், மூட்டு கழுந்தா வெறும் ஆணியா என்று தெரிந்துவிடும். எதிரெதிர் மூலைகளைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். லேசாக ஆடினால் பசை வைத்து இறுக்கிவிடலாம். சட்டமே முறுக்கிக்கொண்டிருந்தால் விட்டுவிடுங்கள். காலடியில் மாவு மாதிரி தூள் கொட்டியிருந்தால் வண்டு உயிரோடு இருக்கிறது என்று பொருள். மண் ஒட்டியிருந்தால் கரையான். தையல் மடிப்பிலும் மூலைகளிலும் கறுப்புப் புள்ளி புள்ளியாக இருந்தால் மூட்டைப்பூச்சி. பழைய பஞ்சு, நார், துணி மொத்தத்தையும் கடையிலேயே பிரித்துப் போட்டுவிட்டு, வெறும் சட்டத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவருவதுதான் நல்லது. சட்டத்தின் இடுக்கிலும் மூட்டைப்பூச்சி ஒளிந்திருக்கும் என்பதால் அதையும் மருந்தடித்த பிறகே உள்ளே விட வேண்டும்.

அடுத்தது உள்ளே வைக்கிற ஃபோம். ஏமாற்று நடப்பது பெரும்பாலும் இங்கேதான், ஏனென்றால் தைத்து மூடிய பிறகு யாரும் பார்க்கப் போவதில்லை. ‘40 டென்சிட்டி’ என்று சொல்வார்கள். ஒரு கன மீட்டர் ஃபோம் 40 கிலோ எடை இருக்கும் என்பதுதான் அதன் கணக்கு. கெட்டியாக இருப்பது வேறு, டென்சிட்டி வேறு. எடை குறைந்த ஃபோமையும் கெட்டியாகத் தயாரிக்கலாம். கடையில் கையால் அழுத்திப் பார்க்கும்போது ஜம்மென்று இருக்கும், வருடம் திரும்புவதற்குள் பள்ளம் விழுந்துவிடும். சரிபார்க்க வழி எளிது. இரண்டடிக்கு இரண்டடி, நாலு அங்குலத் தடிமனில் வெட்டிய ஃபோமைத் தராசில் வையுங்கள். 40 டென்சிட்டி என்றால் சுமார் ஒன்றரைக் கிலோ காட்ட வேண்டும். ஒரு கிலோவை ஒட்டி நின்றால் அது 28. நேர்மையான கடைக்காரர் நீங்கள் தராசு கேட்டால் கோபப்பட மாட்டார், அவரே எடுத்து வைப்பார்.

ஃபோமை விட்டால் வேறு இல்லை என்றும் கிடையாது. நாரில் ரப்பர் பாலைத் தெளித்து, அழுத்தி, வேகவைத்துச் செய்யும் ரப்பர் நார்ப்பலகை நம் ஊர்த் தென்னையிலிருந்து வருவது. அடியில் அதைப் போட்டு மேலே மெல்லிய ஃபோம் வைத்தால் உட்கார்ந்து எழ வயதானவர்களுக்குச் சிரமம் இருக்காது. மூட்டுவலிக்காரர்கள் புதைந்து போகிற சோபாவிலிருந்து எழ முடியாமல் தவிப்பதை எத்தனை வீட்டில் பார்க்கிறோம். சாய்மானத்துக்குப் போடி பக்கத்து இலவம்பஞ்சு இருக்கிறது. அது வியர்வையை உறிஞ்சி ஊறாது, உடம்புச் சூட்டையும் ஏற்றாது. கட்டிபிடித்தால் வெயிலில் போட்டு உதறிக்கொள்ளலாம்.

துணி விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் கண்டிப்பானது. நம் வெயிலுக்கு ரெக்சின் எதற்கு? சித்திரை மாதத்தில் அதில் பத்து நிமிஷம் உட்கார்ந்து எழுந்தால் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. பேருந்துக்கும் ஆஸ்பத்திரி வரவேற்பறைக்கும் துடைக்க வசதியாக வேண்டும், அங்கே சரி. வீட்டுக்குக் கெட்டியான பருத்திதான் பொருத்தம். வீட்டுத் துணிகளை உலகத்துக்கே ஏற்றுமதி செய்கிற கரூர் திருச்சியிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. பவானி ஜமக்காளத்தைச் சாப்பாட்டு நாற்காலிகளுக்குப் போட்டுப் பாருங்கள். முதலில் தண்ணீரில் நனைத்துக் காயவைத்து, சாயமும் சுருக்கமும் போன பிறகு வெட்ட வேண்டும். கோடு நேராக வரும்படி அடித்துவிட்டால் பல வருஷம் அசையாது. சோபா துணி வழக்கமாக 54 அங்குல அகலத்தில் வரும். மரம் வெளியே தெரிகிற சட்டத்தில் மெத்தை மட்டும் தைப்பதற்கு மூன்று பேர் சோபாவுக்கு ஐந்தாறு மீட்டர் போதும். முழுக்கத் துணி போர்த்திய சோபா என்றால் பத்து, பன்னிரண்டு மீட்டர் இழுக்கும். இரண்டு சாப்பாட்டு நாற்காலிக்கு முக்கால் மீட்டரே தாராளம். உறையை ஜிப் வைத்துத் தைக்கச் சொல்லுங்கள், கழற்றித் துவைக்கலாம். உள்ளே காடாத்துணியில் ஓர் உறை தனியாக இருந்தால் ஃபோம் தேயாது. இந்த உள்ளுறைக்குச் செலவு கொஞ்சம்தான், ஆனால் கேட்டால் ஒழியப் பலரும் போடுவதில்லை.

எல்லாவற்றுக்கும் மெத்தை வேண்டும் என்பதும் இல்லை. பிரம்பு பின்னிய நாற்காலியின் பின்னல் அறுந்ததும், மேலே பிளைவுட்டை அறைந்து ஃபோம் வைத்துத் தைக்கச் சொல்லி அண்ணனிடம் வருகிறார்கள். அவர் செய்ய மாட்டார். பிரம்பே பின்னிக்கொள்ளுங்கள் என்று திருப்பி அனுப்பிவிடுவார். கீழிருந்து காற்று வருவதற்காகத்தானே அந்தக் காலத்தில் அப்படிச் செய்தார்கள். பார்வையற்றவர்களுக்குக் கற்றுத்தரும் கைத்தொழில்களில் நாற்காலிப் பின்னலும் நெடுங்காலமாக ஒன்று. விரல் நுனியால் கண்ணியை எண்ணி எண்ணி அவர்கள் இழுக்கிற இழுப்பில் ஒரு கண்ணி தளர்ந்து பார்த்ததில்லை. சாய்வு நாற்காலிக்கோ இதைவிடச் சுலபம். ஒன்றரை மீட்டர் கான்வாஸ் துணி, இரண்டு பக்கமும் கம்பு நுழைய மடித்துத் தைத்த தையல், அவ்வளவுதான். பரணில் மடக்கிப் போட்டிருக்கும் தாத்தாவின் சாய்வு நாற்காலியை இறக்க ஒரு மத்தியானம் போதும்.

இந்த வேலையைச் செய்கிறவர்களைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. புதுத் துணியை மேசையில் விரித்ததும் அண்ணன் கத்தரியை எடுக்க மாட்டார். பிரித்த பழைய உறையைத் தேய்த்து, அதை அளவாக வைத்துத்தான் வெட்டுவார். வெல்வெட் என்றால் கையால் தடவி, ரோமம் எந்தப் பக்கம் படிகிறது என்று பார்த்து, ஒவ்வொரு துண்டுக்கும் சுண்ணக்கட்டியால் அம்புக்குறி போடுவார். ஒரு துண்டு மாறினாலும் ஒரே சோபாவில் இரண்டு நிறம் தெரியும். துணியை இழுத்து அடிக்கும்போது முதலில் நான்கு பக்கத்தின் நடுவில் ஒவ்வொரு பின். பிறகு நடுவிலிருந்து மூலையை நோக்கி. மூலைக்கு ஓர் அங்குலம் முன்னால் நிறுத்திவிடுவார். அங்கே மிஞ்சும் துணியை உள்பக்கமாக வெட்டி, கத்தி முனையால் மடிப்பை உள்ளே தள்ளி, விரலால் நீவி, வெளியே ஒரே ஒரு கோடு மட்டும் தெரியும்படி அடிப்பார். எதிர் மூலையும் அதே மாதிரி வர வேண்டும். கம்ப்ரசர் துப்பாக்கி வந்து ஆணி அடிப்பது வேகமாகிவிட்டது. மூலை மடிப்பது இன்றும் விரலின் வேலை.

இந்த வேலைக்குக் கூலி சொன்னால், “புதுசே இந்த விலைக்கு வருதே” என்று பேரம் பேசுகிறோம். அந்த ஒப்பீட்டில் ஒரு பிழை இருக்கிறது. இந்த விலைக்கு வருகிற புது சோபாவுக்குள் இருப்பது பழைய பெட்டிகளை உடைத்த பலகையும், எடை குறைந்த ஃபோமும், உரியப்போகிற பூச்சும். பழைய தேக்குச் சட்டத்துக்கு நல்ல ஃபோமும் பருத்தியும் போட்டால், அதோடு ஒப்பிட வேண்டியது புதுத் தேக்கு சோபாவின் விலையை. கடையில் போய் அந்த விலையை ஒருமுறை கேட்டுவிட்டு வந்து பேரம் பேசுங்கள். சட்டமும் மட்டமான மரமாக இருந்தால் குஷன் கடைக்குப் போகவே வேண்டாம், அதையும் நானே சொல்கிறேன். அண்ணனும் அப்படி வருகிறவர்களிடம் “இதுக்குச் செலவு பண்ணாதீங்கம்மா” என்றுதான் சொல்வார்.

பணத்தைவிடப் பெரிய தடை மனத்தடை. “யார் வீட்டுப் பொருளோ, அதில் உட்கார்ந்து யார் செத்தாங்களோ” என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். பழைய வீடு வாங்குகிறோம், பழைய கார் வாங்குகிறோம், நகையை அடகுக்கடை ஏலத்தில் எடுக்கிறோம். நாற்காலிக்கு மட்டும் ஏன் இந்தப் பயம்? கல்யாணச் சீர்வரிசையில் இது இன்னும் கொடுமை. பெண்ணைப் பெற்றவர்கள் வட்டிக்கு வாங்கியாவது பளபளவென்று ஒரு சோபாவை இறக்குகிறார்கள். கடன் முடிவதற்குள் சோபா முடிந்துவிடுகிறது. தாத்தா வீட்டுத் தேக்கு சோபாவுக்குப் புதுத் துணி போட்டுக் கொடுத்தால் ‘பழசைத் தள்ளிவிட்டார்கள்’ என்ற பேச்சு வரும். பாட்டியின் அட்டிகையை மெருகு போட்டுக் கொடுத்தால் யாரும் அப்படிப் பேசுவதில்லையே. மாப்பிள்ளை வீட்டார்தான் இதை முதலில் மாற்ற வேண்டும். நீங்கள் வாய்திறந்து “புது சோபா வேண்டாம், இருக்கிறதைச் சரிசெய்து கொடுங்கள்” என்று சொன்னால் ஒரு குடும்பத்தின் கடன் குறையும்.

எறிகிற சோபா எங்கே போகிறது என்றும் யோசிக்க வேண்டும். திருச்சியில் குப்பை என்றால் அரியமங்கலம் கிடங்கு. அங்கே தீப்பிடித்துப் புகை சூழ்ந்த நாட்களைச் சுற்றுவட்டாரத்து மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். போகிப் பண்டிகையில் பழைய மெத்தையையும் குஷனையும் வாசலில் போட்டுக் கொளுத்துகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பாலியூரித்தேன் ஃபோம் எரிந்தால் வரும் புகையில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் இருக்கும். இரண்டுமே உயிரை எடுக்கக் கூடிய விஷவாயுக்கள். பக்கத்தில் பறையடித்துக்கொண்டு நிற்கும் குழந்தைகள்தான் அதை முதலில் சுவாசிக்கிறார்கள். பெற்றவர்கள் தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

அரசு செய்ய வேண்டியதும் உண்டு. அரசு அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் வங்கிகளிலும் பழைய மரத் தளவாடங்களைக் கழிவு செய்து ஏலம் விடுகிறார்கள். நான் வேலை பார்த்த கிளை ஒன்றைப் புதுப்பித்தபோது, தேக்கு நாற்காலிகள் விறகு விலைக்குப் போனதைக் கண்ணால் பார்த்தேன். பதிலுக்கு வந்த, சக்கரம் வைத்த அலுவலக நாற்காலிகளின் கைப்பிடி சில வருஷத்திலேயே உடைந்தது. கழிவு செய்யும் முன் ஒரு தச்சரும் ஒரு குஷன்காரரும் பார்த்து, சரிசெய்யக் கூடியதைப் பிரித்து வைக்க வேண்டும் என்று ஒரு விதி போட்டால் போதும், ஊருக்கு ஊர் பலருக்கு வேலை கிடைக்கும். 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பொருட்களைப் பழுதுபார்த்துப் பயன்படுத்தும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. வேளாண் கருவிகள், செல்போன்கள், வீட்டு உபயோகச் சாதனங்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகளை அதில் எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு வீட்டிலும் இருக்கும் நாற்காலியும் கட்டிலும் அந்தக் கணக்கில் வரவில்லை. 2023 செப்டம்பரில் தொடங்கிய பிரதமரின் விஸ்வகர்மா திட்டத்தில் 18 தொழில்கள் இருக்கின்றன. தச்சர் இருக்கிறார், தையல்காரர் இருக்கிறார். இருவர் வேலையையும் ஒரே கையில் செய்கிற குஷன்காரர் அதில் இல்லை. அண்ணனின் மகன் கடைக்கு வரவில்லை, வரச்சொல்லவும் அவருக்கு மனமில்லை. தொழிலுக்குப் பெயரும் இல்லை, சான்றிதழும் இல்லை, கடன் கேட்டுப் போனால் என்ன வேலை என்று கேட்கிறார்கள் என்கிறார். தொழிற்பயிற்சி நிலையங்களில் தச்சு வேலை படிக்கிற பிள்ளைகளுக்குக் குஷன் வேலையையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தால், படித்து முடித்ததும் சொந்தக் காலில் நிற்க ஒரு தொழில் கையில் இருக்கும்.

பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது பழைய நாற்காலியோ சோபாவோ தெருவுக்குப் போவதாக இருந்தால், அதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். அதைக் கவிழ்த்துப் பாருங்கள். மரம் நல்ல மரமாக, மூட்டு ஆடாமல் இருந்தால், உங்கள் ஊரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலோ மெக்கானிக் கடைகளுக்கு நடுவிலோ ‘குஷன் ஒர்க்ஸ்’ என்று ஒரு பலகை இருக்கும், அங்கே போய் ஒரு போட்டோ காட்டிக் கேளுங்கள். அவர் சொல்லும் கூலியை முழுதாகக் கொடுங்கள். உங்களுக்கு அந்தப் பொருள் வேண்டவே வேண்டாம் என்றால், மழையில் நனைவதற்கு முன் அந்தக் கடைக்காரரிடமே கொடுத்துவிடுங்கள், அவர் அதை வீணாக்க மாட்டார்.